பின்வாசல் முடிச்சு

வரைபடம் எழுதுகிறவர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்ட ஒரு மூலையில் பேரிகை நாடு இருந்தது. நான்காயிரம் குடிகள், ஒரு கோட்டை, ஒரு ஆறு. முரசுகள் மட்டும் எண்ணி மாளாதவை. அந்நாட்டில் உப்பு விற்கவும் முரசு, புடவை விற்கவும் முரசு, பல் பிடுங்கவும் முரசு. முரசுகள் அத்தனையும் அரண்மனைக்குச் சொந்தம். வியாபாரிகள் அவற்றை வாடகைக்கு எடுத்துத் தங்கள் சரக்கின் பெருமையை அறைவித்தார்கள். ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் வரும்போது நாட்டை ஆளும் முரசாதிபதியும் அதே முரசுகளில் தம் பெருமையை அறைவித்துக்கொண்டார். அவர் மட்டும் வாடகை தருவதில்லை.

முரசு அறையாமலே விற்ற கடை ஒன்றே ஒன்றுதான். கோட்டைத் தெருவில் ஆவுடையப்பரின் மருந்துக் கடை. அந்தக் கடையில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே கெட்டியான சிவப்புத் திரை ஒன்று தொங்கும். திரையில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துளை. வந்தவர் கையை நீட்டி நோயைச் சொல்வார்; மருந்து கையில் வைக்கப்படும்; கை திரும்பிப் போகும். முகம் பார்ப்பதில்லை, பெயர் கேட்பதில்லை. 'வாங்கினவர் பெயர் வாசல் தாண்டாது' என்று நிலைப்படிக்கு மேல் செதுக்கியிருந்தது. ஆறு தலைமுறை அந்தச் சொல்லைக் காத்தது; ஏழாவது தலைமுறை ஆவுடையப்பர். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். மனைவி போன பிறகு, மகள் அஞ்சுகம் கூட இருந்து கடையைப் பார்த்துக்கொண்டாள். நாற்பது வயது, நறுக்கென்ற பேச்சு.

அந்நாட்டு வியாபாரிகளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. மூன்று மாதம் முரசறைந்தோம். கூட்டம் வந்தது முரசுக்காகவா, மழை நின்றதற்காகவா என்று எப்படித் தெரிவது? அரண்மனை இதற்கென்று எதிரொலித் துறையை நிறுவியது. முரசறைவது ஒலி, அதைக் கேட்டவர் கடைக்கு வந்து வாங்குவது எதிரொலி. எந்த ஒலிக்கு எந்த எதிரொலி என்று கண்டறிய, முரசு கேட்ட ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு நிழலாள் அனுப்பப்பட்டான். பத்தடி தள்ளி நடப்பான். அவர் ஏதேனும் வாங்கியதும் அரண்மனைக்கு ஓடிப்போய்ச் சொல்வான்.

குடிகளுக்கு இது பிடிக்கவில்லை. முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியேறினார்கள். ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறினார்கள். ஒரு அம்மாள் தன் நிழலாள் தலையில் தினமும் தண்ணீர்க் குடத்தை ஏற்றி நிறுத்திவிட்டு, சாவகாசமாகக் கடைக்குப் போய்வந்தாள். ஒரு முறை நிழலாள் ஒருவன் ஆவுடையப்பரின் திரையை விலக்கிப் பார்க்கத் துணிந்தான்.

"எங்க வீட்ல பொறந்தவங்களே இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. நீ எந்த உறவுல பாக்க வந்த?" என்றார் ஆவுடையப்பர். நிழலாள் திரையைத் தானே சரிசெய்துவிட்டுப் போனான்.

எதிரொலிகளில் பாதி இப்படிக் காணாமல் போயின. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். அப்போது எதிரொலி அதிகாரி நன்னயபூபதி, எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நிழலாட்களை ஒழித்தார்.

"இன்று முதல் இந்நாட்டில் எவரும் எவரையும் பின்தொடர மாட்டார். குடிமக்களின் முதுகு அவர்களுக்கே உரியது" என்று கோட்டை மேலிருந்து அவர் அறிவித்தபோது நாடே திரண்டு நின்று கேட்டது. பிறகு அழுதவர்கள் உண்டு. விடுதலை நாள் என்று பெயரிட்டு, தலைக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். ஒருவரே இரண்டு வாங்கிவிடக் கூடாதே என்பதற்காக, ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, ஐந்து முளைகள் பதித்த ஒரு பலகையில் கையை வைக்க வேண்டியிருந்தது. ஆவுடையப்பர் புது வேட்டி உடுத்தி முதல் வரிசையில் நின்றார்.

"லட்டு வாங்கக் கை நீட்டறது சரி. கைய எதுக்குப்பா அளந்தாங்க?" என்றாள் அஞ்சுகம்.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா?" என்றார் அவர், லட்டைப் பிட்டபடி.

அடுத்த வாரம் நன்னயபூபதி கடையின் பின்வாசலுக்கு வந்தார். முன்வாசலில் நின்றால் குடிகள் கலங்குவார்களாம். எல்லாக் கடைகளுக்கும் ஒரே ஆணைதான். இனி அரண்மனை யாரையும் பின்தொடராது. ஆனால் கடைக்காரர், தம் கடையில் யார் எதை வாங்கினார் என்பதைத் தினமும் பொழுது சாய்வதற்குள் பின்வாசல் வழியே அரண்மனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆவுடையப்பர் நிலைப்படியைக் காட்டினார்.

அதிகாரி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "பெயரா? பெரியவரே, அந்தச் சொல்லை என் முன் உச்சரிக்காதீர்கள். அரண்மனை பெயரைத் தொடுவதே இல்லை. முடிச்சை மட்டுமே தொடுகிறது."

லட்டு நாளில் கண்ட பலகையைப் போலவே ஒன்றை அவர் எடுத்துவைத்தார். முளைகளுக்கு நடுவே ஒரு கையை வைத்தால், விரல்களின் நீளத்துக்கும் இடைவெளிக்கும் ஏற்ப, சரக்குக்கு ஒரு நிறமாக ஒரு நூல் ஓடி, நுட்பமான முடிச்சாக விழும். அந்தக் கைக்கு எத்தனை முறை போட்டாலும் அதே முடிச்சு. வேறு எந்தக் கைக்கும் அது விழாது. முடிச்சைப் பார்த்து எவருடைய கை என்று சொல்லவோ, அவிழ்க்கவோ எவராலும் முடியாது.

ஆவுடையப்பர் நம்பவில்லை. தம் கையை வைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்றும் ஒன்றுபோல் விழுந்தன. ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், உச்சிப்பொழுது தொடங்கி விளக்கேற்றும் நேரம் வரை அவிழ்க்கப் பார்த்தார். நூல் இளகவேயில்லை. கடைசியில் அதை உள்ளங்கையில் வைத்துக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகளவு நூலில் ஒரு மனிதனை வைத்துப் பூட்ட முடிகிறதே என்று அவருக்கு மயிர்க்கூச்செடுத்தது.

"பேரு போகலப்பா. ஆளு போறானே" என்றாள் அஞ்சுகம்.

"முடிச்சுக்கு வாய் இருக்கா?"

"அப்ப திரைக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்ககிட்ட சொல்லிட்டே போடலாமே."

அதற்கும் ஆணையில் பதில் இருந்தது. சொன்னால் குடிகள் கலங்குவார்கள். குடிகள் கலங்கியதால்தான் நிழலாட்களே ஒழிக்கப்பட்டார்கள். ஆகவே சொல்வது விடுதலைக்கு விரோதம். ஆவுடையப்பர் இதை நான்கு முறை வாசித்துப் பார்த்து, எங்கும் ஓட்டை தென்படாததால் ஒப்புக்கொண்டார். கை நுழையும் துளைக்குக் கீழே, உள்பக்கமாகப் பலகை பொருத்தப்பட்டது. பெரியவர் கை ஓய்வெடுக்க மேடை வைத்திருக்கிறார் என்று ஊரார் வாழ்த்தினார்கள்.

ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்கிற குடும்பம் அல்ல அது. மற்றக் கடைக்காரர்கள் பத்துக்கு இரண்டு முடிச்சை விட்டுவிடுவார்கள். ஆவுடையப்பரின் பின்வாசலிலிருந்து ஒன்றும் தவறவில்லை. ஆறாம் மாதம் 'தூய முடிச்சு' என்ற செப்புப் பட்டயம் வந்தது. அதை நிலைப்படியின் செதுக்கலுக்கு நேர் கீழே அறைந்தார். அந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போதெல்லாம் அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

இதற்கிடையில் வேறொரு சிக்கல் முளைத்தது. ஒழிக்கப்பட்ட நிழலாட்களில் பலர், பணிக்காலம் முடியும்வரை நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் ஒரு படி அரிசி வாங்கினால் நிழலாள் ஒன்று சொன்னான், பின்வாசல் ஒன்று சொன்னது. குடிகள் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்குகிறார்கள் என்று கண்ட முரசாதிபதி, நாட்டின் செழிப்பை நினைத்துக் கண்கலங்கினார். இத்தனை செழிப்பான மக்களுக்கு இலவசத் தானியம் எதற்கு என்று அதைப் பாதியாகக் குறைத்தார். தவறு தெரிந்தபோது தானியத்தைத் திருப்பித் தரவில்லை. சட்டம் ஒன்று செய்தார்கள். 'ஒரு காரியத்துக்கு ஒரு முடிச்சு எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும்.'

பிறகு ஏழு நாள் சட்டம் வந்தது. ஒரு முரசைக் கேட்ட ஏழு நாளுக்குள் ஒருவர் செய்யும் காரியம் அந்த முரசால் செய்ததே. மாதம் தவறாமல் உப்பு வாங்குகிறவர் உப்பு முரசின் வெற்றியானார். பானைக் கடை முரசைக் கேட்ட ஐந்தாம் நாள் ஒரு கிழவர் இறந்துபோனார். அவர் காரியத்துக்கு வாங்கிய பானையையும் முரசு தன் பேரில் எழுதிக்கொண்டது.

முடிச்சுகள் சேரச் சேர முரசுகளும் மாறின. கோட்டை மேலிருந்து ஊருக்கெல்லாம் அறைவது நின்றது. சின்னச் சின்ன முரசுகளோடு அறைவோர் வீடு வீடாக வந்து நின்றார்கள். மாவு தீர்வதற்கு முந்தின நாளே மாவுக்கடை முரசு வாசலில் நின்றது. மனத்துக்குள் மட்டும் ஆசைப்பட்ட வளையலை முரசு வந்து சொன்னபோது, முரசுக்குத் தேங்காய் உடைத்த பெண்களும் உண்டு. அவசரம் எந்த வீட்டில் என்று தெரிந்ததால் அந்த வீட்டுக்கு விலையும் ஏறிற்று. ஆனால் அத்தனை பெரிய அதிசயத்தின் முன்னால் விலையைப் பற்றிப் பேச மக்களுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆவணி மாதத்தில் ஆவுடையப்பரின் வலக்கை நடுங்கத் தொடங்கியது.

மருந்து நிறுக்கிறவனுக்குக் கை நடுக்கம் என்றால் அதைவிட வேறு அவமானம் வேண்டாம். குன்றிமணி அளவு கூடினாலும் மருந்து விஷம். தராசு பழசாகிவிட்டது, நீயே நிறு என்று மகளிடம் சொல்லித் தராசை ஒப்படைத்தார். யாருமில்லாத வேளைகளில் தம் அலமாரியிலிருந்தே நடுக்கத் தைலத்தை எடுத்துத் தடவிக்கொண்டார். அப்படி மூன்று புட்டி. ஒவ்வொரு புட்டிக்கும் தம் கையைப் பலகையில் வைத்து ஒரு முடிச்சு போட்டு, பின்வாசலில் மற்றவற்றோடு சேர்த்து அனுப்பினார். கடையிலிருந்து போன சரக்குக்கு முடிச்சு இல்லையென்றால் அந்தப் பட்டயத்துக்கு என்ன மரியாதை?

கார்த்திகையில் ஒரு காலை, முரசறைவோன் ஒருவன் அவர் வாசலில் வந்து நின்றான். ஏழு தலைமுறையில் அந்த வாசலுக்கு வந்த முதல் முரசு. மென்மையாக, மரியாதையாகத்தான் அறைந்தான்.

"தராசு பிடிக்கக் கை நடுங்கும் மருந்துக் கடைப் பெரியவருக்கு, நடுங்காத கையுள்ள ஆள் வாடகைக்குக் கிடைக்கும். தெற்கு வீதி ஆட்கடையை அணுகவும்."

தெரு முழுக்கக் கேட்டது. பிறகு நான்கு நாட்களுக்கு அந்தத் திரைக்குள் ஒரு கைகூட நீளவில்லை.

அஞ்சுகம் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எப்பலேர்ந்துப்பா?"

"ஆவணிலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லல. அரமனைக்குச் சொல்லியிருக்கீங்க."

அவர் வலக்கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவர் எதிரொலி மாளிகைக்குப் போனார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நன்னயபூபதிக்குப் புரியவில்லை. பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணி, பெருமையோடு கதவைத் திறந்துவிட்டார்.

ஆவுடையப்பர் கோபத்தை மறந்தார். உச்சி தெரியாத ஒரு மண்டபம். மேலிருந்து நான்காயிரம் நூல்கள் அசையாத மழையாகத் தொங்கின. ஒவ்வொரு நூலிலும் நூறு நூறு முடிச்சுகள். ஒரு நூல் ஒரு மனிதன். தூக்கம் வராதவன், கடவுளிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத நோய்க்காரி, பசியை மறைத்துக்கொண்டு வெற்றிலை மட்டும் வாங்கியவன், எல்லோரும் அங்கே ஒரே நிசப்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கோயிலிலும் அவருக்கு அப்படி உடல் சிலிர்த்ததில்லை. தம்மையறியாமல் கைகூப்பிவிட்டார். கூப்பிய கைகள் நடுங்கின.

அப்போதுதான் ஒவ்வொரு நூலின் அடியிலும் ஒரு சின்ன ஓலை இருப்பது கண்ணில் பட்டது. ஓலையில் பெயர்.

"பெயரைத் தொடுவதில்லை என்றீர்கள்."

"தொடவில்லையே" என்றார் நன்னயபூபதி, உண்மையாகவே மனம் புண்பட்டு. "விடுதலை லட்டு வாங்கிய அன்று அவரவர் சொன்ன பெயரும் அன்று விழுந்த முடிச்சும் இங்கே இருந்தன. பிறகு கடைகளிலிருந்து முடிச்சுகள் வந்தன. அவை தாமாகவே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பெரியவரே, நாங்கள் வெறும் பார்வையாளர்கள்." பிறகு ஒரு நூலைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "இதோ தங்களுடையது. கடைசி மூன்று முடிச்சுகளின் அழகைப் பாருங்கள். தம்மைத் தாமே தெரிவித்துக்கொண்ட வியாபாரி இந்நாட்டில் தாங்கள் ஒருவர்தான்."

வீட்டுக்கு வந்த ஆவுடையப்பர் செப்புப் பட்டயத்தைக் கழற்றினார். ஆணி மட்டும் வரவில்லை. ஆறு தலைமுறை காத்த சொல்லை ஏழாவது தலைமுறை முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டது. கை நடுங்குவதை ஊர் அறிந்ததுகூட இப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

அந்த வாரமே அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. தேர்தல். இதுவரை வெட்டவெளியில் இரண்டு பானைகளை வைத்து எல்லோரும் பார்க்கக் கூழாங்கல் போட்டார்கள். இடது பானை முரசாதிபதிக்கு, வலது பானை எதிர்த்து நிற்பவருக்கு. இம்முறை உலகமே கண்டிராத ரகசியத் தேர்தல் நடத்த முரசாதிபதி முடிவு செய்திருந்தார். ஆவுடையப்பரின் திரைதான் வாக்குச்சாவடி. குடிகள் கல்லோடு கையை நீட்டி எந்தப் பானை என்று விரலால் காட்டுவார்கள். திரைக்குப் பின்னால் ஆவுடையப்பர் தனியாக இருந்து கல்லைப் போடுவார். கூடவே கைக்கு ஒரு முடிச்சும்.

அவர் மாட்டேன் என்று எழுத ஓலை எடுத்தார்.

"நீங்க மாட்டேன்னா பொடிக்கடைக்காரன் உக்காருவான்" என்றாள் அஞ்சுகம், தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே. "அவன் ஒண்ணு விடாம போடுவான். இடதுக்கு ஒரு நிறம், வலதுக்கு ஒரு நிறம்னு நூலையும் மாத்திப் போடுவான்."

ஆவுடையப்பர் எழுந்து திரையை நேராக இழுத்துவிட்டார். பிறகு ஓலையை மடித்து வைத்தார்.

மூன்று நாள் நடந்தது தேர்தல். நான்கு நாள் எட்டிப் பார்க்காத கைகளும் வந்தன. ஒவ்வொரு கையையும் அவருக்குத் தெரியும். வயிற்றுப்புண் கை, தூக்கமில்லாத கை, பிள்ளை தங்காத கை. எல்லாக் கைகளும் அவரை நம்பி, அந்தத் துளை வழியே கல்லை நீட்டின. அத்தனை நம்பிக்கையை ஒரு ஆளாகத் தாங்குவது அவருக்குப் பயமாக இருந்தது. கல்லை வாங்கினார், காட்டிய பானையில் போட்டார். பிறகு அந்தக் கை பலகையில் படுமுன் மெல்ல ஒதுக்கிவிட்டு, தம் கையை அங்கே வைத்தார். நூல் ஓடியது, முடிச்சு விழுந்தது. நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் பலகைக்கு நடுக்கம் தெரியாது, விரல் நீளம்தான் தெரியும். முடிச்சு பெயரல்ல என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார். பெயரல்லாத ஒன்று பொய்யாகவும் முடியாது. இதையும் நான்கு முறை யோசித்துப் பார்த்தார். எங்கும் ஓட்டை தென்படவில்லை.

நான்காயிரம் முடிச்சுகள், அத்தனையும் அவருடையவை, பின்வாசல் வழியே போயின.

முடிவு சொல்லும் நாளில் அரசவை கூடியது; ஆவுடையப்பரையும் வரவழைத்திருந்தார்கள். பானைகளைத் திறக்கவில்லை. அது பழைய காலத்து வழக்கம் என்று முத்திரையிட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நன்னயபூபதி ஓலையை விரித்து, கம்பீரமாக வாசித்தார்.

"ஒரு காரியத்துக்கு ஒரு முடிச்சு ஒன்றாகவே எண்ணப்படும் என்ற சட்டப்படி, வாக்களித்தவர் ஒருவர். அவர் முரசாதிபதியின் முரசைத் தேர்தலுக்கு முந்தைய ஏழு நாளுக்குள் கேட்டவர். ஆகவே ஏழு நாள் சட்டப்படி அந்த வாக்கு முரசின் எதிரொலி. முரசாதிபதி பதிவான எல்லா வாக்குகளையும் பெற்று வென்றார்."

மந்திரி ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "மூன்று நாள் வரிசை நின்றதே. நான் கண்ணால் பார்த்தேன்."

"கண் என்பது நிழலாளின் கருவி. விடுதலை நாளில் அது ஒழிக்கப்பட்டது" என்றார் நன்னயபூபதி. "முடிச்சு ஒன்று என்கிறது."

மந்திரி, ஆவுடையப்பரின் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீர் சொல்லும். எத்தனை பேர் வந்தார்கள்? யார் யார் வந்தார்கள்?"

அவை முழுவதும் அவரைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் நாடு நான்காயிரமாகத் திரும்பிவிடும். நூல்களும் ஓலைகளும் முன்போலவே ஆடாமல் தொங்கும்.

ஆவுடையப்பர் எழுந்து நின்றார். முதுகு வளையவில்லை.

"அது எங்க வீட்டு வாயில வராதுங்க" என்றார்.

அவையில் வேறு எவருக்கும் கேட்க ஒன்றுமில்லை. நாட்டின் குடித்தொகை ஒன்று என்று பதிவாயிற்று. மற்ற நூல்கள் உரிமையில்லாதவை என்று இறக்கப்பட்டு, மண்டபத்தில் ஒரே ஒரு நூல் மட்டும் தொங்கியது; நான்காயிரம் முடிச்சின் கனத்தில் அது மெதுவாக ஊசலாடியதாம்.

மறுநாள் விடிந்ததும் நாட்டின் முரசுகள் அத்தனையும் கோட்டைத் தெருவுக்கு வந்தன. உப்பு முரசு, புடவை முரசு, பல் பிடுங்கும் முரசு. இருக்கிற ஒரே குடிமகனின் வாசலில் அவை நெருக்கியடித்து நின்று, பொழுது சாயும்வரை அறைந்தன. நடுவில், எல்லாவற்றிலும் பெரிய முரசோடு முரசாதிபதியின் ஆள் நின்றான். "என் அருமைக் குடிமகனே" என்றுதான் தினமும் தொடங்குவான்.

மற்றத் தெருக்களில் ஒரு சத்தமும் இல்லை. அங்கிருந்தவர்களுக்கு இனி முரசும் கிடையாது, பாதித் தானியமும் கிடையாது, சட்டமும் கிடையாது. இது விடுதலையா அழிவா என்று இன்றுவரை அவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கிறது.

கடை மூடவில்லை. முரசுகளின் இரைச்சலில் எவர் நோயைச் சொன்னாலும் கேட்காது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் குரல் எந்நாளும் அவசியப்பட்டதில்லை. பலகை கழற்றப்பட்ட துளை வழியே ஒரு கை நீண்டது. தூக்கமில்லாத கை. ஆவுடையப்பர் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அஞ்சுகம் நிறுத்துக் கொடுத்தாள். அவர் தம் நடுங்கும் கையால் மருந்தை அந்த உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கை உடனே திரும்பிப் போகவில்லை. நடுங்கும் கையை ஒரு நொடி பற்றியிருந்துவிட்டு, பிறகு போயிற்று.